வாய்ப்பூட்டை நிரந்தரமாகக் கழற்றுங்கள்: அமெரிக்க நாடாளுமன்றத்தின் இந்திய வம்சாவளி உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரி 24 அன்று அதிபர் டிரம்ப் மீண்டும் கொண்டுவந்த மெக்சிகோ நகரக் கொள்கையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கருக்கலைப்புச் சேவையோ ஆலோசனையோ தரும், அதற்காகக் குரல் கொடுக்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு அமெரிக்க உதவிப் பணம் கிடையாது என்ற இந்த விதியைத்தான் வாய்ப்பூட்டு என்கிறேன். 1984இல் ரீகன் தொடங்கினார். கிளின்டன் நீக்கினார், புஷ் கொண்டுவந்தார், ஒபாமா நீக்கினார். 2017இல் டிரம்ப் அதைக் குடும்ப நல நிதியோடு நிறுத்தாமல் எச்.ஐ.வி., மலேரியா, ஊட்டச்சத்து என எல்லாச் சுகாதார உதவிக்கும் விரித்தார். பைடன் நீக்கியது நான்கு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. வெள்ளை மாளிகையில் ஆள் மாறும்போதெல்லாம் ஒரே கையெழுத்தில் வந்துபோகும் இந்த விதியை, எந்த அதிபரின் பேனாவும் எட்டாதபடி சட்டம் போட்டு முடித்துவையுங்கள். நான் கேட்பது இதுதான்.

வரிப்பணம் கருக்கலைப்புக்குப் போகக் கூடாது என்பது சிலருடைய உறுதியான நம்பிக்கை. அதை மதிக்கிறேன். ஆனால் வெளிநாட்டு உதவிப் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடுவதைத் தடுக்க, 1973ஆம் ஆண்டின் ஹெல்ம்ஸ் திருத்தம் என்ற சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. இந்த வாய்ப்பூட்டு, நெதர்லாந்தும் பிரிட்டனும் கொடுத்த பணத்தில், தன் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் சேவையை ஒரு தொண்டு நிறுவனம் செய்வதையும் தடுக்கிறது. சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று அந்த நிறுவனம் தன் சொந்த அரசிடம் கேட்பதையும் தடுக்கிறது. அமெரிக்க மண்ணில் உள்ள நிறுவனத்தின் வாயை இப்படிக் கட்ட முடியுமா? பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் குறுக்கே நிற்கும். காத்மாண்டுவில் இருப்பவருக்கு அந்தக் காவல் இல்லை.

நேபாளத்தையே எடுத்துக்கொள்கிறேன். கருவைக் கலைத்த குற்றத்துக்காகப் பெண்கள் சிறையில் கிடந்த நாடு அது. 2001இல் நேபாளக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் இந்த நிபந்தனையில் கையெழுத்திட மறுத்து அமெரிக்க நிதியை இழந்தது. அதன் தலைமை இயக்குநர் நிர்மல் பிஸ்தா அந்த ஜூலையில் உங்கள் செனட்டின் வெளியுறவுக் குழுவுக்கு முன்னால் வந்து சாட்சி சொன்னார். அடுத்த ஆண்டே நேபாளம் சட்டத்தை மாற்றியது. சங்கத்தினர் கையெழுத்திட்டிருந்தால், அந்த மாற்றத்துக்காக வாய் திறந்திருக்க முடியாது.

விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. கர்ப்பிணி ஒருத்தி, சட்டப்படி கருவைக் கலைக்க ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டதாகத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாதுகாப்பாக எங்கே செய்துகொள்ளலாம் என்று அவளே கேட்கவும் வேண்டும். பதில் சொல்வது அந்நாட்டு மருத்துவ அறத்தின் கடமை என்று பணியாளர் நம்பினால், அப்போது மட்டும் இடத்தைச் சொல்லலாம். நான் அமெரிக்கா வருவதற்கு முன் தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். "நாள் தள்ளிப் போயிருக்கிறது" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நிற்கும் பெண்களைத்தான் எனக்குத் தெரியும். கணவருக்குத் தெரியாமல் வந்திருப்பார்கள், இடுப்பில் ஒரு குழந்தை இருக்கும். என்ன செய்வதென்று தெரியவில்லை என்பார்கள். இந்த விதிப்படி அந்தப் பெண்ணுக்குப் பதில் கிடையாது. முடிவெடுத்துவிட்டேன், இடம் சொல்லுங்கள் என்று வழக்கறிஞரைப் போல வாசகம் பிசகாமல் பேசத் தெரிந்தவளுக்கே பதில். இமயமலைக் கிராமத்துப் பெண் மட்டும் வேறுவிதமாகவா பேசிவிடப் போகிறாள்? அடுத்த தெருவில் அரசு அனுமதி பெற்ற மையம் இருந்தும் செவிலியர் வாயைத் திறக்கக் கூடாது. அவள் திரும்பிப் போய் யாரிடம் கேட்பாள், என்ன வேரை, என்ன மாத்திரையை வாங்கி விழுங்குவாள் என்பது உங்களுக்குத் தெரியாதா? உங்களில் ஒருவர் மருத்துவர். ஒருவர் சென்னையில் பிறந்தவர்.

சரி, இதனால் கருக்கலைப்பாவது குறைந்ததா? புஷ் ஆட்சிக் காலத்தில், அமெரிக்க நிதியை அதிகம் நம்பியிருந்த சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் கருக்கலைப்பு சுமார் 40 சதவீதம் கூடியது, நவீனக் கருத்தடைப் பயன்பாடு 14 சதவீதம் குறைந்தது என்று 26 நாடுகளை ஆராய்ந்த ஆய்வு, 2019இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. ஒபாமா விதியை நீக்கியபோது போக்கும் மாறியது. கருத்தடைச் சாதனம் தருபவர்களும் கருக்கலைப்பு பற்றிப் பேசுபவர்களும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தினர். நிதியை நிறுத்தினால் முதலில் தீர்ந்துபோவது காப்பர் டியும் ஊசியும்தான். கருக்கலைப்பைப் பாவம் என்று நம்புகிறவரும் இதற்கு எதிராக வாக்களிக்க வேண்டும்.

இத்தோடு நிற்கவில்லை. சுமார் 97 லட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைப் பொருள்கள் பெல்ஜியத்தின் கிடங்கில் கிடந்தன, நம் வரிப்பணத்தில் வாங்கியவை. சர்வதேச அமைப்புகள் வாங்கிக்கொள்ள முன்வந்தபோதும் அவற்றை எரிக்கப்போவதாக 2025 ஜூலையில் அரசு அறிவித்தது. ஏழைப் பெண்ணுக்குப் போக வேண்டியதை அடுப்பில் போடும் மனம் ஓர் அரசுக்கு எங்கிருந்து வருகிறது? சிக்கனம் என்ற பெயரில் யு.எஸ்.எய்ட் என்ற வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே கலைத்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசினால் இந்த மடல் முடியாது.

என் வருத்தம் உங்கள்மீதும்தான். 2021, 2022இல் வெள்ளை மாளிகையும் இரு அவைகளும் உங்கள் கட்சியின் கையில் இருந்தன. செனட்டர் ஜீன் ஷஹீன் போன்றோர் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் நிரந்தர நீக்க மசோதா அப்போதும் சட்டமாகவில்லை. செனட்டில் போதிய வாக்கு இல்லாத சிக்கல் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பொங்கல் விழாவுக்கும் தீபாவளி விருந்துக்கும் நீங்கள் வருகிறீர்கள், விசா பேசுகிறீர்கள், வர்த்தகம் பேசுகிறீர்கள். இதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. ஹெல்ம்ஸ் திருத்தத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1971இல், மருத்துவக் கருக்கலைப்பைச் சட்டமாக்கிய நாட்டின் பிள்ளைகள் நீங்கள். இந்த மேடைகளில் கூச்சம் எதற்கு?

கோபத்தில் வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். பணிவோடு கேட்கிறேன். பெரும்பான்மை திரும்பும் நாளில் இந்த மசோதாவை முதல் வரிசையில் வைப்பீர்கள் என்று இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டு நிதி மசோதாவிலும் நீக்க வாசகத்தைச் சேர்க்கப் போராடுங்கள், பேரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த பொங்கல் விழா மேடையில் எங்கள் முன்னால் இதைப் பேசுங்கள். தங்கள் அலுவலகங்களுக்கு இந்த மடலின் ஆங்கில வடிவத்தையும் அனுப்புகிறேன். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாக்காளர்களில் ஒருத்தி, முன்னாள் கிராம சுகாதார செவிலியர்