பழுது பார்க்க வழி விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா 1984-இல் வாங்கிய சீலிங் ஃபேன் இன்னும் ஓடுகிறது. இடையில் இரண்டு தடவை காயில் கட்டினோம், பேரிங் மாற்றினோம், கண்டென்சர் எத்தனை என்று கணக்கில்லை. நான்கு வருடத்துக்கு முன் வாங்கிய ரிமோட் ஃபேனோ போன மாதம் நின்றுவிட்டது. கழற்றிய எலெக்ட்ரீஷியன் உள்ளே இருந்த சர்க்யூட் போர்டைக் காட்டினார். அதன்மேல் முழுக்கப் பிசின் ஊற்றி இறுக்கியிருந்தார்கள். "இதுல கை வைக்க முடியாது சார், போர்டையே மாத்தணும்" என்றார். அந்த மாடலுக்குப் போர்டு வருவதே நின்றுவிட்டதாம்.

அந்தக் காலத்துப் பொருள் எல்லாமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. கெட்டவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. தாக்குப்பிடித்தவைதான் கண்ணில் படுகின்றன. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், புதியது சுமார் 30 வாட்டில் ஓடும். சரி, நல்லதுதான். ஆனால் நான்கே வருடத்தில் தூக்கிப் போட்டால், மிச்சம் பிடித்த கரண்ட் காசு புது ஃபேனுக்கே போய்விடுகிறதே!

2014 வரை தயாரான அம்பாசடர் காரையும் நினைத்துப் பாருங்கள். அதன் பழைய பெட்ரோல் மாடல்களில் கார்புரேட்டரைத் தெருவோர மெக்கானிக்கே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடுவார்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, அப்புறம் இணையதளமும் தொடங்கியது. அது போதாது. உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர், ஈரோடு