செசிலின் மகனுக்கும் கன்சோலில் ஓர் இடம் கொடுங்கள்

ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் ஃபைனல் ஃபேண்டசி குழுவினருக்கு,

வணக்கம். ஒரே ஒரு கோரிக்கைக்காகத்தான் இந்த மடல். உங்கள் வீடியோ ஆட்டத் தொடரின் நான்காம் பாகத்துக்குத் தொடர்ச்சியாக, அதன் நாயகன் செசிலின் மகனையும் மையமாக வைத்து வந்த ‘ஃபைனல் ஃபேண்டசி 4: தி ஆஃப்டர் இயர்ஸ்’ ஆட்டத்தை, 2009இல் நிண்டெண்டோவின் வீ கன்சோலுக்குத் தந்த அதே இருபரிமாண வடிவில், இன்றைய கன்சோல்களுக்குக் கொண்டுவாருங்கள்.

முதல் ஆறு பாகங்களின் புதுப்பித்த இருபரிமாண வடிவமான பிக்சல் ரீமாஸ்டர் 2023 ஏப்ரலில் ஸ்விட்ச்சுக்கும் பிளேஸ்டேஷன் 4க்கும் வந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்துவிட்டது. மகிழ்ச்சி. ஆனால் நான்காம் பாகத்தை முடிப்பவருக்கு என்ன கிடைக்கிறது? செசில் முடிசூடுகிறான், இரண்டாம் நிலா வானைவிட்டு விலகிப் போய்விடுகிறது, அவ்வளவுதான். அந்த நிலா திரும்பி வருவதில் தொடங்கும் அடுத்த கதை உங்களிடமே இருக்கிறது. அதைக் கன்சோலில் வாங்கத்தான் வழியில்லை.

வழி ஒரு காலத்தில் இருந்தது. 2008 பிப்ரவரியில் ஜப்பானில் டோகோமோ என்ற தொலைபேசி நிறுவனத்தின் கைபேசிகளுக்கு இந்த ஆட்டத்தைத் தவணை முறையில் வெளியிடத் தொடங்கினீர்கள். அந்தக் கைபேசிகளின் இணையச் சேவையான ஐ-மோடுக்கு 2026 மார்ச் 31ஐ முடிவு நாளாக டோகோமோ அறிவித்தது. 2009இல் வீயின் தரவிறக்கச் சேவையான வீவேர் வழியாக வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஆட்டம் வந்து சேர்ந்தது. வட்டில் அல்ல, தரவிறக்கமாக மட்டும். வீயின் இணையக் கடையில் பணத்துக்குப் பதிலாகச் செலவிடும் புள்ளிகளை வாங்குவதை நிண்டெண்டோ 2018 மார்ச்சில் நிறுத்தியது, 2019 ஜனவரி 30 அன்று கடையையே மூடியது. வட்டில் வந்திருந்தால் பழைய பொருள் கடையிலாவது தேடலாம். கடையோடு சேர்ந்து மறைந்துபோன ஆட்டத்தை எங்கே போய்த் தேடுவது?

2011இல் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பிக்கு வந்த தொகுப்பில் சேர்த்தீர்கள். பிஎஸ்பியின் காலமும் முடிந்துவிட்டது. 2013இல் கைபேசிக்கும், 2015இல் கணினிக்கும் முப்பரிமாண வடிவில் கொடுத்தீர்கள். அதில் எனக்கு ஒட்டுதல் இல்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்தக் கதையின் உயிரே பழைய உருவங்களில்தான் இருக்கிறது. செசிலின் நாடான ‘பேரன்’ (Baron) என்பதன் அதே கோட்டை, அதே குள்ளப் பிக்சல் உருவங்கள், அதே இசை. பழக்கப்பட்ட அந்த வீதிகளில், 1991இல் நாம் சிறுவராகப் பார்த்தவர்கள் பெரியவர்களாக நடக்கிறார்கள். கதைக்குள் கடந்திருப்பது 17 ஆண்டுகள். 1991க்கும் 2008க்கும் இடையில் வெளியுலகில் கடந்ததும் அதே 17 ஆண்டுகள்தான்.

சிறுவன் மந்திரவாதி பாலோமை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கதையில் பேரன் கோட்டையின் சுவர்கள் இருபுறமும் நெருங்கிவரும்போது, அவனும் இரட்டைச் சகோதரி போரோமும் மற்றவர்களைக் காப்பாற்றத் தங்களைத் தாங்களே கல்லாக்கிக்கொள்கிறார்கள். அப்போது இருவரும் குழந்தைகள். இரண்டாம் கதையில் அதே பாலோம் ட்ரோயா என்ற நாட்டில் லியோனோரா என்ற பெண்ணுக்கு மந்திரம் கற்றுத்தருகிறான். அந்த வாய்த்துடுக்கு மட்டும் குறையவே இல்லை. முதல் கதையைத் தெரிந்தவருக்கு அவன் பேசும் ஒவ்வொரு வரியிலும் அந்தக் கல் சிலை நினைவுக்கு வரும்.

ஆட்டமுறையிலும் சரக்கு உண்டு. நிலவின் பிறை மாற மாறச் சண்டையில் வாளின் வலுவும் மந்திரத்தின் வலுவும் ஏறி இறங்குகின்றன. விடுதியில் ஓர் இரவு தங்கினால் பிறை மாறிவிடும். ஆகவே பெரிய எதிரியைச் சந்திக்குமுன் எந்தப் பிறையில் போவது என்று நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. நமக்குப் பழக்கமில்லாத வேலையா அது! யாரும் யாரும் சேர்ந்தால் என்ன கூட்டுத் தாக்குதல் பிறக்கும் என்று சோதித்துப் பார்ப்பதும் தனிச் சுவை. கடைசிக் கட்டத்தில் செசிலின் அண்ணன் கோல்பெஸ் பிழைப்பதும் மடிவதும், செசிலின் இருண்ட நிழலுருவை எதிர்கொள்ளும் நேரத்தில் உங்கள் குழுவில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆட்டம் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்படியே இருக்கட்டும், அதில் கைவைத்துவிடாதீர்கள்.

குறைகளை மறைத்து எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் அத்தியாயமும் முதல் கதையில் ஏறி இறங்கிய அதே குகைகளுக்குள் மறுபடி அனுப்புகிறது. இரண்டடிக்கு ஒரு சண்டை குறுக்கிடுகிறது. முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் சலித்து வைத்துவிட்டவர்கள் பலர், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறுதிக் குகை வேறு முடிவில்லாமல் நீள்கிறது. முந்தைய பாகங்களின் எதிரிகளையெல்லாம் வரிசையாக அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள். விருந்து என்று நினைத்துப் பரிமாறியிருப்பீர்கள், பந்தியை விட்டு எழ முடியாமல் போய்விட்டது. ஆனால் இதற்கெல்லாம் மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. பிக்சல் ரீமாஸ்டரின் கன்சோல் வடிவத்தில் சண்டைகளை வேண்டாதபோது நிறுத்திவைக்கும் வசதியைத் தந்தீர்கள். அனுபவப் புள்ளிகளை நான்கு மடங்குவரை பெருக்கவும், எழுத்துருவை மாற்றவும், பழைய இசைக்குத் திரும்பவும் இடம் கொடுத்தீர்கள். இந்த வசதிகள் எந்த ஆட்டத்தைவிடவும் ‘ஆஃப்டர் இயர்ஸ்’ ஆட்டத்துக்குத்தான் அதிகம் தேவை.

அடுத்து விலை. வீ வடிவத்தில் முதல் பகுதி 800 புள்ளிகள். ரிடியா, யாங், பாலோம், எட்ஜ், போரோம், எட்வர்ட் என்று ஆறு பேருடைய கதைகளும் தலைக்கு 300. நிலவாசிகளின் கதைக்கு இன்னொரு 300, முடிவைப் பார்க்க மேலும் 800. கூட்டினால் 3700 புள்ளிகள், 37 அமெரிக்க டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். கைபேசிக்காகத் தவணை தவணையாக எழுதப்பட்ட கதை என்பது புரிகிறது. அத்தியாய அமைப்பு எனக்குப் பிடிக்கவும் செய்கிறது: நிஞ்ஜா எட்ஜ் தன் நான்கு சீடர்களை ஆளுக்கொரு திசையில் உளவு பார்க்க அனுப்பும் பகுதியெல்லாம் தனிச் சிறுகதைபோலவே நிற்கிறது. அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள், தவணையை மட்டும் விட்டுவிடுங்கள்.

புதிதாக வரைய வேண்டிய படமோ எழுத வேண்டிய வசனமோ பெரிதாக எதுவும் இல்லை. இரண்டு கதைகளையும், அவற்றுக்கு இடைப்பட்ட ‘இன்டர்லூட்’ என்ற சிறு கதையையும் பிஎஸ்பிக்காக 2011இலேயே ஒரே தொகுப்பில் கூர்மையான இருபரிமாணப் படங்களோடு செய்து முடித்துவிட்டீர்கள். அந்தத் தொகுப்பிலிருந்தே தொடங்குங்கள். ‘இன்டர்லூட்’டையும் சேர்த்து, எல்லா அத்தியாயங்களுக்கும் ஒரே விலை வைத்து, ஸ்விட்ச்சிலும் பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் விடுங்கள். முடிந்தால் ஒரு வட்டிலும்.

இப்படிக்கு,
நான்காம் பாகத்தின் நெடுநாள் ஆட்டக்காரர் ஒருவர்