பால் சொசைட்டிக்கு, வர டீ எங்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்ங்க,

காப்பி டீ குடிச்சா பொம்பளைங்களுக்கு எலும்பு தேஞ்சுடும்னு உங்க பேப்பர்ல வந்ததைப் படிச்சதுலருந்து எங்க வீட்டுக்காரர் என் டம்ளரையே ஒரு மாதிரி பாக்குறாரு. விஷயம் பொய்யில்ல, காஃபின் உள்ள போனா கொஞ்சம் கால்சியம் ஒண்ணுக்குல போகத்தான் செய்யும், ஆனா ஒரு கப்புக்குப் போறதை ரெண்டு பெரிய ஸ்பூன் பாலே சரிகட்டிடும், அதை எழுதாம விட்டுட்டீங்களே.

எங்க பென்னாகரம் பக்கம் சிக்கலே அந்த ரெண்டு ஸ்பூன் பால்தான். விடியக்காலம் எந்திரிச்சு மாடு கறக்குறது நாங்க, கேனைத் தூக்கிட்டு சொசைட்டிக்கு ஓடுறதும் நாங்க, ஒரு சொட்டு விடாம ஊத்திட்டு வந்து அடுப்புல ஏத்துறது வர டீ. எங்க மாமியா நாப்பது வருஷம் இப்படியே ஓட்டிட்டாங்க, கள்ளக்கா (நிலக்கடலை) புடுங்குற நாள்ல ஆறு டம்ளர் ஏழு டம்ளர், பசிக்கும் அதான் அசதிக்கும் அதான். போன ஐப்பசில வாசப்படில லேசா சறுக்கி உக்காந்தாங்க, அவ்வளவுதான், இடுப்பெலும்பு ஒடஞ்சு போச்சு. மாதவிலக்கு நின்ன பொம்பளைக்கு தினம் 1200 மில்லிகிராம் கால்சியம் வேணுமாம், இவங்களுக்கு அதுல கால்வாசி போயிருக்குமான்னே சந்தேகம்.

இன்னொண்ணு, டீ வைக்கிற தண்ணி. நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணில ஃப்ளோரைடுங்கிற உப்பு அளவுக்கு மேல இருக்குன்னுதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே 2013ல வந்துச்சு, ஆனா காட்டு வேலைக்குப் போனா இன்னமும் மோட்டார் தண்ணிதான். டீத்தூள்லயும் ஃப்ளோரைடு உண்டு, அந்தச் செடி மண்ணுலருந்து இழுத்து இலைல சேத்து வச்சுக்கும். கொதிக்க வச்சா போயிடும்னு நெனைக்கிறாங்க, போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். கால்சியம் கொறஞ்ச ஒடம்பை அது சீக்கிரம் புடிச்சுக்கும், எலும்பு பாக்கத் தடியா இருந்தாலும் பொடுக்குனு ஒடையும்.

பாலை விட்டா கேவுரு இருக்கு, அதான் கேழ்வரகு, அதுல 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் கிட்ட கால்சியம் இருக்கு. 2023லருந்து நம்ம மாவட்டத்து ரேஷன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா கேவுரு தர ஆரம்பிச்சாங்க, எங்க தெருவுல பாதிப்பேர் அதைக் கோழிக்குப் போடுறாங்க, களி கிண்டினா புள்ளைங்க மூஞ்சியைத் திருப்பிக்குதுங்களாம்.

இப்பல்லாம் கேன்ல ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு பாலை எடுத்து வச்சுடுறேன். மாசம் எவ்வளவு நஷ்டம்னு வீட்டுக்காரர் கணக்குப் போடுறாரு, உங்கம்மா ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆச்சுன்னு அதையும் சேத்துப் போடச் சொன்னேன். அடுத்த தடவ எழுதும்போது தண்ணியைப் பத்தியும் நாலு வரி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பென்னாகரம்