சயாமுக்குப் போனவர்களும் லயத்தில் இருந்தவர்களும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

போர்க்காலத்தில் ஜப்பான்காரன் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு மலாயாவிலிருந்து போனவர்களுக்கு நம் ரப்பர் தோட்டத்துக் கோயில் பக்கம் ஒரு நினைவுத்தூண் எழுப்பலாமா என்று கேட்டிருந்தாய். எழுப்பலாம். அதில் என்ன எழுதுவாய்?

போன மாதம் மகனோடு தாய்லாந்தில் உள்ள காஞ்சனபுரி போயிருந்தேன். அங்குள்ள போர்க் கல்லறையில், ஜப்பான்காரனிடம் பிடிபட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர். அநேகமாக ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு தகடு, அதில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. சிலவற்றில் வீட்டார் சொல்லி அனுப்பிய ஒரு வரியும் இருக்கிறது. யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று கைதிகளே ஒளித்து ஒளித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். தமிழர், பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர் என்று கூலிகளில் இறந்தவர்கள் 90,000 என்கிறார்கள், அதற்கு மேலும் என்கிறார்கள். ஆயிரக்கணக்கில் முன்பின்னாகச் சொல்ல முடிகிறது என்றால், யாரும் எண்ணவே இல்லை என்றுதானே அர்த்தம்? 1943 மழையில் காலரா வந்தபோது குழி குழியாகப் போட்டு மூடியதோடு சரி.

இத்தனைக்கும் நம் ஆட்கள் கணக்குக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். விடியுமுன் பெரட்டில், அந்த ஆள் கணக்கெடுப்பில், பெயர் கூப்பிடுவார்கள். அரைநாள் வராவிட்டால்கூடத் தோட்டத்துக் கணக்கர் கிராணிக்குத் தெரிந்துவிடும். ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசி இல்லை. அந்த நேரத்தில் சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, சில மாதத்தில் திரும்பலாம் என்று சொன்னால் யார்தான் போகமாட்டார்? அப்புறம் ஆள் போதாமல் பிடித்துக்கொண்டே போனார்கள்.

என் ஆயாவை உனக்கு ஞாபகம் இருக்கும். போர் முடிந்து திரும்பியவர்கள், தாத்தாவை எல்லைப் பக்கத்து முகாம் வரை பார்த்ததாகச் சொன்னார்கள். செத்ததைப் பார்த்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் கருமாதி கிடையாது. ஆயா தாலியையும் கழற்றவில்லை. மகாளய அமாவாசைக்காவது திதி கொடுத்துவிடலாம் என்று அப்பா பேச்செடுத்தால், "இருக்கிற மனுசனுக்கா?" என்று சண்டைக்கு வருவார். கல்யாண வீட்டில் அவரை முன்னால் கூப்பிடலாமா கூடாதா என்று மற்றவர்களுக்குத் தயக்கம். அது புரிந்து அவரே அடுப்படிக்குப் போய்விடுவார். மரவள்ளிக்கிழங்கு போட்டு, ரப்பர் பால் வெட்டி, நான்கு பிள்ளைகளையும் அவர்தான் ஆளாக்கினார். எந்தக் கணக்கிலும் அவர் சேர்த்தி இல்லை. கீழ் லயத்து வீட்டு வரிசையில் ஒருத்தி வேறு கல்யாணம் கட்டியபின் முதல் புருஷன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தானாம். அதை நம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். இப்போது யோசித்தால் அவள்மேல் என்ன தப்பு?

ஆகவே என் யோசனை இது: "மாண்ட தமிழர்களுக்கு" என்று பொதுவாக ஒரு வரி வெட்டி வைப்பதற்குத் தூண் வேண்டாம். போனவர் பெயர், அதன் பக்கத்திலேயே வீட்டைத் தாங்கியவர் பெயர், இரண்டும் இருக்கட்டும். பழைய பிறப்புப் பத்திரங்களில் அப்பா பெயர் இருக்கும், கோயில் வரிக் கணக்கும் உதவலாம்.

உன் சித்தப்பா காலையில்தான் தெளிவாகப் பேசுகிறார் என்றாயே, ஒரு நோட்டோடு காலையிலேயே போய் உட்கார். கீழ் லயத்தில் ஆரம்பித்து வீடு வீடாகக் கேள். போனது யார் என்பதோடு நிறுத்திவிடாதே. அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்றும் கேள். தூணுக்குப் பணம் பிரிப்பதை அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
உன் பழைய லயத்துக் கூட்டாளி