வேலைக்கு முன்னால் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் துறைச் செயலாளர்களுக்கும் செயற்பொறியாளர்களுக்கும்,

வணக்கம். மழை நேரத்தில் கரை உடைகிறது. "நாளைக்கே ஆளை இறக்குங்க, பேப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பொறியாளர் போன் செய்கிறார். சிறு ஒப்பந்தக்காரர் வட்டிக்கு வாங்கி ஜே.சி.பி.யை இறக்குகிறார். கரை நிற்கிறது. பொறியாளர் மாறுதலாகிப் போகிறார். அடுத்து வந்தவரோ, ஃபைலில் ஒன்றுமே இல்லை, பணம் தர முடியாது என்கிறார்.

அரசியலமைப்பின் 299-ஆவது பிரிவு கறாரானது. மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநரின் பெயரில் இருக்க வேண்டும். அவருக்காகக் கையெழுத்திடுபவர் அதற்கு அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. பிக்ராஜ் ஜெய்ப்பூரியா என்ற தானிய வியாபாரிக்கு ரயில்வே கோட்ட அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த கொள்முதல் ஆணைகளே, உரிய பெயரில் இல்லை என்பதால் 1961-இல் உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போயின. வாய்மொழி உத்தரவு எம்மாத்திரம்?

ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை அடைந்தவர் ஈடு தர வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். வங்காளத்தில் அரசுக்குக் கட்டடம் கட்டிய பி.கே. மொண்டல் நிறுவனத்துக்கு அதன்படிதான் இழப்பீடு கிடைத்தது. ஆனால் அவர்கள் கட்டியது 1944-இல். தீர்ப்பு வந்தது 1961-இல். தினக்கூலி கொடுத்து வேலை வாங்கும் ஒருவரால் அத்தனை காலம் தாங்க முடியாது.

அவசரத்தைக் காரணம் சொல்லாதீர்கள். 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் பேரிடர் காலக் கொள்முதலுக்கு விலக்கு தருகிறது, சரி. அந்த விலக்கு டெண்டருக்குத்தான், 299-க்கு இல்லை. அதற்கு முத்திரைத்தாளில் நீண்ட பத்திரமும் தேவையில்லை. உரிய அதிகாரி உரிய பெயரில் எழுதும் கடிதப் போக்குவரத்தே ஒப்பந்தமாகலாம் என்று ரலியா ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லிவிட்டது.

ஆகவே, வேலை, தொகை, தேதி குறித்து, "தமிழ்நாடு ஆளுநருக்காகவும் அவர் சார்பிலும்" என்று அதிகாரமுள்ளவர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். நள்ளிரவிலும் அதைத் தயார் செய்யலாம். எந்தத் தொகை வரை யார் கையெழுத்திடலாம் என்ற பட்டியலை ஒவ்வொரு கோட்ட அலுவலக வாசலிலும் ஒட்டுங்கள். கடிதம் கைக்கு வராமல் ஆளை இறக்க மறுப்பவரை அடுத்த டெண்டரில் ஓரங்கட்டக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒப்பந்தக்காரர்களுக்காக வழக்காடும் வழக்கறிஞர் ஒருவர்