பூஜ்ஜியம் எழுதிய கைகளுக்கு நன்றி

அன்பு முக்குளிப்பு நண்பர்களுக்கு,

இந்த ஆண்டுப் பவளத்திட்டுக் கணக்கெடுப்பின் கடைசிப் படிவமும் நேற்று வந்து சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவரையும் அழைத்து நன்றி சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் செய்தது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று பட்டதால் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் யாரும் கடல் ஆய்வாளர்கள் இல்லை. விடுமுறையைச் சேர்த்து வைத்து, கைக்காசைப் போட்டு, மீன்களைப் பார்த்து மகிழ வருகிறவர்கள். உங்களிடம் நான் கேட்டதோ சலிப்பான வேலை: 100 மீட்டர் நாடாவை விரியுங்கள், கலைந்த மீன்கள் திரும்பும்வரை பதினைந்து நிமிடம் விலகி இருங்கள், பிறகு 20 மீட்டர் துண்டுகள் நான்கில் மட்டும் மீன்களையும் மற்ற உயிரினங்களையும் எண்ணுங்கள். 1997 முதல் ‘ரீஃப் செக்’ என்ற பவளத்திட்டுக் கண்காணிப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் பல நாடுகளில் பின்பற்றிவரும் முறை இது. எல்லோரும் ஒரே மாதிரி எண்ணினால்தான் ஒரு திட்டை இன்னொன்றோடும், இந்த ஆண்டைப் போன ஆண்டோடும் ஒப்பிட முடியும்.

ஒரு காட்சி என் மனத்தைவிட்டுப் போகவில்லை. இரண்டாம் நாள் காலை, நாடாவின் மூன்றாவது துண்டு. பாறை இடுக்கிலிருந்து பெரிய களவா மீன் ஒன்று தலையை நீட்டிச் செவுளை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது. அந்த முக்குளிப்பில் நாங்கள் பார்த்த ஒரே களவா. ஆனால் நாடாவிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருந்தது. நம் எல்லை இரு பக்கமும் இரண்டரை மீட்டர்தான். எண்ணிக்கொண்டிருந்த தங்கை அதை நின்று பார்த்தார், நாடாவைப் பார்த்தார், கையிலிருந்த எழுது பலகையில் களவாவுக்கு நேரே ‘0’ என்று எழுதிவிட்டு நகர்ந்தார். தண்ணீருக்குள்ளேயே கைகூப்ப வேண்டும்போல் இருந்தது எனக்கு.

கண்டதைச் சொல்ல எல்லோருக்கும் ஆசை இருக்கும். காணாததைக் காணவில்லை என்று எழுதத்தான் மனம் வராது. கடல் அட்டை பூஜ்ஜியம், சிங்கி இறால் பூஜ்ஜியம் என்று ஒரு பக்கம் முழுக்க நிரப்பியவர், “ஒன்றுமே கிடைக்கலையே அண்ணா” என்று வருத்தத்தோடு பலகையைத் தந்தார். தம்பி, பின்னொரு நாள் அங்கே ஒரு கடல் அட்டை தென்பட்டால், திரும்பி வந்திருக்கிறது என்று சொல்ல உன் பூஜ்ஜியம்தான் ஆதாரம். கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால், பார்த்தும் இல்லையா, பார்க்கவே இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

நிறத்தை ஒப்பிட உதவும் நிற அட்டையைப் பவளத்தின் பக்கத்தில் பிடித்து, வெளிறிய பகுதியையும் அடர்ந்த பகுதியையும் குறித்தவர்களுக்குத் தனி நன்றி. கடல் சூடாகிப் பவளங்கள் நிறமிழப்பதுதான் வெளிறல்; உலகளாவிய நான்காவது பவள வெளிறல் 2024 ஏப்ரலில் உறுதிசெய்யப்பட்டது. கடல்மேற்பரப்பு எவ்வளவு சூடானது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லிவிடும். வெளிறிய பவளக் கூட்டம் செத்ததா, தேறியதா என்பதை உறுதியாகச் சொல்ல யாராவது இறங்கித்தான் பார்க்க வேண்டும். ஆய்வாளர்களின் எண்ணிக்கையும் சொற்பம், அவர்களுக்குப் படகு கிடைக்கும் நாட்களும் சொற்பம்.

ஒரே துண்டில் இருவர் எண்ணிய கிளி மீன் கணக்கு ஒத்துப்போகாதபோது, பேசிச் சரிக்கட்டாமல் இரண்டையும் அப்படியே அனுப்பிய ஜோடிக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த வித்தியாசமும் நமக்குத் தேவையான தகவல்தான். நீரோட்டம் வலுத்த அன்று, “இன்றைக்கு யாரும் இறங்க வேண்டாம்” என்று தடுத்த படகோட்டி ஐயாவுக்கும், ஈரத்தில் மங்கிய பென்சில் எழுத்துகளைப் படம்பிடித்து இரவெல்லாம் தட்டச்சு செய்த இருவருக்கும் என் வணக்கம்.

அடுத்த ஆண்டும் அதே ஆழம், அதே நாடா. அந்தக் களவா இரண்டரை மீட்டருக்குள் வந்து நிற்கிறதா என்று பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கணக்கெடுப்பு ஒருங்கிணைப்பாளர்