மரம் இறங்கிப் போன பாதையை எங்களிடம் தாருங்கள்

இலங்கை மலையகக் காடுகளுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

அப்புத்தளை, இதல்கஸ்ஹின்ன, ஒஹிய பக்கத்து மலைகளில் சைக்கிள் ஓட்டும் தோட்டத்து இளைஞர்கள் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். டர்பன்டைன் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ், பைனஸ் காடுகளில் மரம் வெட்டி ஏற்றி முடிந்ததும் கைவிடப்படும் லொறிப் பாதைகளைப் பராமரிக்கும் பொறுப்பையும், அவற்றில் குழுவாகச் சைக்கிள் பயணம் நடத்தும் அனுமதியையும், அந்தப் பாதைகளுக்குக் கீழே குடியிருக்கும் எங்களுக்கு எழுத்தில் தாருங்கள்.

விளையாட்டுப் பிள்ளைகளின் ஆசை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். பாதைக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

மரம் ஏறும் மாதங்களில் அந்தப் பாதையை எல்லோரும் கவனிப்பார்கள். பள்ளத்தில் கல் போடுவார்கள், தண்ணீர் வடியும் கானைத் திறந்து விடுவார்கள், லொறி சறுக்கும் வளைவில் மண் வெட்டிச் சமப்படுத்துவார்கள். கடைசி லோட் இறங்கிய பிறகு அங்கே ஒருவரும் போவதில்லை. உரித்த பட்டையும் கழித்த கொப்பும் கானுக்குள் கிடக்கும். கட்டைகளை இழுத்த தடங்கள் மலையிலிருந்து நேராகப் பாதைக்கு இறங்கி நிற்கும். முதல் பெருமழையில் தண்ணீர் அந்த இழுவைத் தடத்தைப் பிடித்து வரும். கான் அடைபட்டிருப்பதால் லொறிச் சக்கரம் பதிந்த குழியே வாய்க்காலாகும். அடுத்த மழையில் அது முழங்கால் ஆழம். எங்கே பாதை வளைகிறதோ அங்கே தண்ணீர் வளையாது, நேரே வெளி ஓரத்தைத் தாண்டி விழும். பாதை வெட்டியபோது தள்ளிவிட்ட இளமண்தான் அந்த வெளி ஓரம். இறுகாத மண். அதற்குக் கீழே தேயிலை, தேயிலைக்குக் கீழே எங்கள் வரிசை வீடுகள், லயம்.

வேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டர்பன்டைன் வெட்டிய அடியிலிருந்து பெரும்பாலும் மறுபடி துளிர்க்கும். பைனஸ் துளிர்க்காது. வெட்டிய பைனஸின் வேர் மண்ணுக்குள்ளேயே மெல்ல உக்கிப்போகும். புதிதாக நட்ட கன்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும் வயதுக்கு வரும்வரை அந்தச் சரிவைப் பிடிக்க ஒன்றுமில்லை. பாதையில் ஓடும் தண்ணீரை ஒழுங்காகத் திருப்பிவிட வேண்டியது இந்த வருடங்களில்தான். பாதை கைவிடப்படுவதும் இதே வருடங்களில்தான்.

எங்கள் தோட்டத்துக்கு மேலேயும் இதுதான் நடந்தது. வெட்டியவர்கள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்காக இந்த மடல் இல்லை. சேறு லயத்தின் பின்சுவர் வரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மம்பட்டியோடு போய் அள்ளியது அங்கே குடியிருப்பவர்கள். மேலே பாதையோரத்தில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியிருந்ததை முதலில் பார்த்தவர்கள் சைக்கிளோடு அந்தப் பக்கம் போன எங்கள் பையன்கள். கீழே இறங்கி வந்ததும் கிராம உத்தியோகத்தரிடம் சொன்னார்கள். அவர்கள் போயிருக்காவிட்டால் அதை யார் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. விறகுக்குக்கூட அந்த உயரத்துக்கு இப்போது யாரும் ஏறுவதில்லை.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போனதை எங்களில் மூத்தவர்கள் பக்கத்திலிருந்து கண்டவர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் எங்கும் மலை சரிந்தது. இந்தப் பேரழிவுகளைக் கைவிட்ட மரப் பாதைகள் கொண்டுவந்தன என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு பார்த்த பிறகும் எங்கள் தலைக்கு மேலே ஒரு பாதை ஓடையாக மாறுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

இனி சைக்கிள்.

எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் இரண்டாங்கை மவுண்டன் பைக். முன்னால் மட்டும் சஸ்பென்சன், சிலவற்றில்தான் டிஸ்க் பிரேக். அதிகாலையில் தார் வீதியை விட்டு ஏற ஆரம்பித்தால் பாதி தூரம் மிதிப்பதும் பாதி தூரம் தள்ளுவதுமாகப் போகும். இறக்கம்தான் கடினம். லொறி கிளப்பிவிட்ட முட்டிக்கல் ஒரு பக்கம், ஈரக் களிமண்ணின் மேல் மெத்தையாகக் கிடக்கும் பைனஸ் ஊசி மறுபக்கம். பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும், மண்ணையும் உழும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், உடம்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கல்லில் இல்லாமல் அடுத்த வளைவில் இருக்க வேண்டும். பாதை தெரிந்தவர் முன்னால் போவார். பஞ்சர் சாமானும் மருந்துப் பெட்டியும் வைத்திருப்பவர் கடைசியில் வருவார். நீண்ட இறக்கத்தில் நடுவில் நிறுத்தி டிஸ்க்கை ஆறவிடுவோம், கால்களில் அட்டை பார்ப்போம், யாராவது விழுந்திருந்தால் கழுவிக் கட்டுவோம். மேகம் விலகினால் தெற்கே சமவெளி விரியும். இந்த மலையில் பிறந்தும் அந்த இடங்களைப் பார்த்திராத பிள்ளைகள் எத்தனையோ பேர். கொழும்பில் கடை வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு தம்பி, இதெல்லாம் நம்முடைய மலைதானா அண்ணா என்று கேட்டான். ஆம் என்று அவனுக்குச் சொல்ல எனக்கு ஆசை. கையில் அதற்கு ஒரு காகிதம்கூட இல்லை.

காகிதம் இல்லாததுதான் பெரிய சிக்கல். ஒரே மலைமுகட்டில் ஒரு பகுதி, 1992 இல் தோட்டங்கள் தனியார் நிர்வாகத்துக்குப் போனபோது கம்பனியிடம் வந்த நிலம். அடுத்த பகுதி வன பாதுகாப்புத் திணைக்களம் நட்ட காடு. அதைத் தாண்டினால் பிரதேச சபை வீதி. ஒரு மணி நேரப் பயணத்தில் இவை மூன்றையும் கடக்கிறோம். சங்கிலி போட்ட இடத்தில் காவல்கார அண்ணன் நிறுத்துகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களை விடச் சொல்லியும் அவரிடம் கடிதம் இல்லை, தடுக்கச் சொல்லியும் கடிதம் இல்லை. ஒரு நாள் சிரித்துக்கொண்டே சங்கிலியை இறக்குகிறார், மறுநாள் மேலிடத்துக்குப் பயந்து திருப்பி அனுப்புகிறார். இப்படி இருக்கும்போது வெளியூர்க் குழு ஒன்றிடம் முன்பணம் வாங்கி எப்படிப் பயணம் நடத்துவது? அதனால் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சைக்கிளோடு வருகிறவர்களை வேறு ஊர் வழிகாட்டிகள் கூட்டி வருகிறார்கள். எங்கள் பையன்கள் லயத்து வாசலில் நின்று பார்க்கிறார்கள்.

பல கைகளில் இருக்கும் பாதைகளை ஒரே ஒழுங்கில் இணைக்க முடியும் என்பதற்கு இதே மலையில் சாட்சி இருக்கிறது. பெக்கோ ட்ரெயில் என்ற நடைபயணப் பாதை கண்டியிலிருந்து அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள்தான். எத்தனையோ தோட்டங்களுடன் பேசித்தான் அது உருவானது. அந்த நடைபாதையில் சைக்கிள் விடக் கேட்கவில்லை. நடக்கிறவர்களுக்கு இடைஞ்சல் செய்வது எங்கள் நோக்கமில்லை. அப்படி உட்கார்ந்து பேசுவதை மரப் பாதைகளுக்காகவும் செய்யுங்கள் என்கிறோம்.

எங்கே கேட்கவில்லை என்பதையும் தெளிவாக எழுதிவிடுகிறேன். இயற்கைக் காட்டுக்குள் ஒரு சக்கரமும் போக வேண்டியதில்லை. 1990 முதல் அங்கே மரம் வெட்டவே தடை. ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கில்ஸ் மூன்றும் 2010 இல் உலக மரபுரிமையாயின. எங்களுக்குப் பக்கத்தில் தங்கமலை சரணாலயம் இருக்கிறது. அங்கெல்லாம் யாராவது சைக்கிளோடு போனால் முதலில் தகவல் தருவது நாங்களாக இருப்போம். நட்டு வளர்த்து வெட்டப்படும் காடு, அதில் ஏற்கெனவே லொறிக்காக வெட்டிய பாதை, அது மட்டும் போதும்.

சைக்கிள் டயர் மண்ணைக் கரைக்காதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் மொன்டானா மலைப்பாதைகளில் செய்து 1994 இல் வெளியான ஆய்வு ஒன்றில், சைக்கிள் சக்கரத்தைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலும்தான் அதிக மண்ணைக் கிளப்பின. அதை வைத்துக்கொண்டு எங்கள் டயர் மண்ணைத் தொடாது என்று வாதாட வரவில்லை. எங்கள் மழை வேறு, எங்கள் சரிவு வேறு. செங்குத்தான ஈரமண்ணில் பிரேக் பிடித்து இறங்கினால் கோடு விழும், அந்தக் கோட்டில் தண்ணீர் ஓடும். ஆகவே மழையில் பாதையை மூடுவதை நாங்களே நிபந்தனையாக வைக்கிறோம். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் அட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைக்கும்போது எங்கள் ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும். டிசம்பர் முதல் வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவை நனைக்கும்போது, புது வருடம் பிறந்த பிறகு மேற்குச் சரிவு மெல்லக் காயத் தொடங்கும். காய்ந்த பக்கத்தில் ஓடலாம். ஒக்டோபரிலும் நவம்பரிலும் எங்குமே ஓட வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள் மண்சரிவு எச்சரிக்கை விட்டாலே பாதையை நாங்களே சங்கிலி போட்டு மூடிவிடுவோம். சிவப்புக்குக் காத்திருக்க மாட்டோம்.

பாதையில் செய்ய வேண்டிய வேலையும் எங்களுக்குத் தெரியும். கானைத் திறப்பது. தண்ணீர் நீண்ட தூரம் சேர்ந்து ஓடாதபடி, இடையிடையே பாதையைத் தாழ்த்தி, வெளிப்பக்கம் சாய்த்து, கெட்டியான இடம் பார்த்து அதை வெளியேற்றுவது. பாதையின் ஏற்றம் அது கடக்கும் மலைச்சரிவின் பாதிக்கு மேல் போனால் தண்ணீர் குறுக்கே கடக்காமல் பாதையோடு இறங்கிவிடும். சைக்கிள் பாதை வெட்டுகிறவர்கள் உலகெங்கும் பிடிக்கும் கணக்கு இது. நேராக இறங்கும் இழுவைத் தடங்களில் சைக்கிள் விடமாட்டோம். கொப்பைக் குறுக்கே அடுக்கி அவற்றை மூடிவிடுவோம். கான் வெட்டுவதை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், எங்கள் தாத்தாமார் இந்த மலை முழுக்க வெட்டியது அதைத்தானே. எங்கே வெட்டலாம், எங்கே கை வைக்கக்கூடாது என்று காட்ட ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்புங்கள். அது போதும்.

தோட்டத்துக்குள் எழுந்த மறுப்புகளையும் மறைக்க மாட்டேன். முதல் மறுப்பு குளவி. பாறையிலும் டர்பன்டைன் உச்சியிலும் கூடு தொங்குகிறது. சத்தம் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் போய்க் கூடு கலைந்தால், கொட்டு வாங்குவது கீழே கொழுந்து எடுக்கும் பெண்கள். அந்தப் பயம் நியாயமானது. கொழுந்து எடுக்கும் மலைக்கு மேலே அந்த நேரத்தில் பயணம் இல்லை, கூடு தெரிந்த பாதை திறப்பதே இல்லை என்று எங்களுக்குள் முடிவெடுத்திருக்கிறோம். மற்றது, பீலியில் குளிக்கும் இடத்தில் வெளியாட்கள் கெமராவோடு வருவது. எங்கள் அம்மாமாரும் அக்காமாரும் சொன்னதை அப்படியே விதியாக்கிவிட்டோம். லயத்துக்குள் சைக்கிளை விட்டு இறங்கி நடக்க வேண்டும், கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. கூடை சுமந்து வருகிறவருக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பதைச் சொல்லவே தேவையில்லை.

காட்டுக்குள் போகிறவர்கள் கண்ணிக் கம்பியையும் பார்ப்பார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்தது. பன்றிக்கு வைத்தது சிறுத்தையைக் கொல்கிறது. கம்பியைக் கண்டால் எந்த உத்தியோகத்தருக்குச் சொல்ல வேண்டும் என்று அனுமதிக் கடிதத்திலேயே எழுதித் தாருங்கள்.

விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற உங்கள் கவலையும் புரிகிறது. பயணத்துக்கு வருகிறவர்களிடம் காப்புறுதி கேட்போம். வழிகாட்டிகளுக்கு முதலுதவிப் பயிற்சி வேண்டும், அதற்கு உங்கள் சிபாரிசு வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் மரப் பாதையில் விழுந்தவன் எங்கே கிடக்கிறான் என்று தொலைபேசியில் எப்படிச் சொல்வது? பாதை நெடுக இலக்கப் பலகை நட வேண்டும். மரச் சட்டம் எங்கள் செலவு. இலக்கங்களை நீங்கள் பதிந்து பொலிசுக்கும் வைத்தியசாலைக்கும் கொடுங்கள்.

முழு மலையையும் ஒரே நாளில் திறக்கக் கேட்கவில்லை. மரம் ஏற்றி முடிந்த ஒரு பாதையை நீங்களே தெரிந்தெடுங்கள். காட்டுக்குப் பொறுப்பானவர், தோட்ட நிர்வாகம், பிரதேச சபை, லயத்து ஆட்கள் எல்லோரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவோம். ஒரு மழைக்காலம் முழுவதும் கானையும் சரிவையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மழை முடிந்த பிறகு வந்து சோதியுங்கள். சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சரி என்றால் அடுத்த பாதையைப் பேசுவோம்.

அதற்கு முன், செப்டெம்பரில் ஒரு நாள் ஒதுக்கி எங்களோடு மேலே வாருங்கள். சைக்கிள் ஓட்ட வேண்டியதில்லை, நடந்தே பார்க்கலாம். ஒக்டோபர் மழை இறங்கிவிட்டால் அந்த வளைவுகளுக்கு யாராலும் பாதுகாப்பாகப் போக முடியாது. எந்தத் திகதி வசதி என்று தோட்டத் தலைவர் மூலமோ கிராம உத்தியோகத்தர் மூலமோ சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் சார்பில் ஒருவன்